நம்பாமலே அழலாம்

நீங்கள் கேட்டது பார்வைக்கு ஒரு கேள்வி, பிரித்தால் மூன்று. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. பட்டர்வொர்த் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பழைய தமிழ்ப் படம் பார்க்கிறீர்கள். சிறு வயதில் பிரிந்த அண்ணன் தம்பி ஒரே பாட்டைப் பாடி ஒன்றுசேரும் இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இத்தனை ஆண்டுக்குப் பிறகு இருவருக்கும் சுருதி எப்படிப் பிசகாமல் சேர்கிறது என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். சோழர் காலத்துக் கதை என்றால் அரண்மனை மடைப்பள்ளியில் தொங்கும் காய்ந்த மிளகாய்தான் உங்கள் கண்ணில் முதலில் படுகிறது. "மூளையைக் கொஞ்ச நேரம் அணைத்துவைப்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், அம்மா உங்கள் அக்கா மகளிடம் பொன்னியின் செல்வனில் வரும் நந்தினி உண்மையிலேயே வாழ்ந்தவள் என்று சொல்லிவருகிறார், திருத்துவதா விட்டுவிடுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆக, பொய்யென்று தெரிந்தும் மனிதர்கள் ஏன் உருகுகிறார்கள், உங்களால் ஏன் முடியவில்லை, வரலாற்றுக் கதைக்கு அப்படி உருகுவதில் கெடுதல் உண்டா என்பவை உங்கள் கேள்விகள். மூன்றாவதுதான் கடினமானது.

நான் கோலாலம்பூரில் நெடுங்காலம் வானொலி நாடகங்கள் எழுதியும் நடத்தியும் வந்தவன். பிறகு ஆசிரியர் பயிற்சிக்கு வருவோருக்கு இலக்கியம் கற்பித்தேன். உளவியல் என் துறையன்று. கல்வெட்டுகளையும் அறிஞர்கள் பதிப்பித்த வடிவில் படிக்கிறவன்தான், கல்லில் நேராகப் படித்தவன் அல்லன். இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூளையை அணைக்க வேண்டும் என்ற எண்ணமே எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அவநம்பிக்கையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பது என்ற பேச்சை 1817-இல் எழுதியவர் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ். அவர் யாருக்குப் பாடம் சொன்னார் என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். 1798-இல் வேர்ட்ஸ்வொர்த்தும் அவரும் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டார்கள். அன்றாட வாழ்க்கையை வேர்ட்ஸ்வொர்த் எழுத, பேய், சாபம் போன்ற இயற்கைக்கு மீறியவற்றைக் கோல்ரிட்ஜ் எழுதுவதாக ஏற்பாடு. அப்படிப்பட்ட நிழல் உருவங்களுக்குக் கவிஞன் போதுமான மனித உணர்ச்சியையும் உண்மையின் சாயலையும் தன் நெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான், படிப்பவர் அந்தக் கணத்துக்கு அவநம்பிக்கையை விட்டுக்கொடுப்பார் என்றார். உழைக்க வேண்டியவன் எழுதுகிறவன். இன்றைக்கு அதைத் தலைகீழாக்கி, படம் பார்க்க வருகிறவர் டிக்கெட்டோடு சேர்த்துக் கொண்டுவர வேண்டிய கடமைபோல ஆக்கிவிட்டார்கள். ஒரு படம் உங்களை உள்ளே இழுக்கவில்லை என்றால் குற்றம் உங்களுடையது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

இப்போது அம்மாவிடம் வருவோம். அவர் நம்பிவிட்டார், அதனால் அழுகிறார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கவனித்துப் பாருங்கள். அழுதுகொண்டே முறுக்கை எடுக்கிறார். கதாநாயகியின் சேலை நன்றாக இருக்கிறது என்கிறார். வில்லனாக வருபவர் நிஜ வாழ்க்கையில் நல்லவராம் என்று உங்களுக்கே செய்தி சொல்கிறார். திரையில் கொலை நடக்கும்போது அவர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்வதில்லை. நடப்பது நடிப்பு என்பது அவர் மனத்தை விட்டு ஒரு நொடிகூட அகலவில்லை. இதுவரை சொன்னது உறுதியானது. தெரிந்திருந்தும் கண்ணீர் எப்படி வருகிறது என்பதற்கான விளக்கம் உறுதியானதன்று. 1975-இல் காலின் ராட்ஃபோர்ட் என்ற தத்துவப் பேராசிரியர், கற்பனைப் பாத்திரத்துக்காக நாம் அழுவது அறிவுக்கு முரணானது, ஆனாலும் அழுகிறோம் என்று புதிரை அப்படியே முன்வைத்தார். மூன்றாண்டு கழித்து கெண்டல் வால்டன், அது விளையாட்டில் குழந்தை பயப்படுவதற்கு நெருங்கிய ஒன்று, முழுமையான அச்சம் அன்று என்றார். அம்மாவின் நனைந்த முந்தானையைப் பார்த்தால் அது விளையாட்டுக் கண்ணீராகத் தோன்றவில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1993-இல் வேறு கோணத்தில் சொன்னது எனக்கு அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: கதைக்குள் நுழைவதற்குத் தனி முயற்சி தேவையில்லை, நம்பாமல் இருக்கத்தான் முயற்சி தேவை. அப்படியானால் அம்மா எதையும் அணைக்கவில்லை. நீங்கள்தான் ஓர் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தொழில் பழக்கத்தால் அது ஓடுவதே உங்களுக்குக் கேட்பதில்லை.

இந்த விஷயத்தில் நம்முடைய பழைய நூல்கள் இன்னும் நுட்பமாகப் பேசுகின்றன. "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்" என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் சொல்கிறது. உலகத்தில் நடப்பதும் வேண்டும், நாடகத்தில் நடப்பதும் வேண்டும். இரண்டும் கலந்தால்தான் கவிதை. நாடக வழக்கு என்றால் என்ன என்பதற்கு இளம்பூரணர் தரும் விளக்கம், சுவையாக வருபவற்றையெல்லாம் ஓரிடத்தில் நிகழ்ந்தனவாகத் தொகுத்துச் சொல்வது என்பது. உங்கள் அண்ணன் தம்பிப் படத்தை இதில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் பிரிவது உலகத்தில் நடக்கிறது. தாய்க்குக் கண் போவதும் நடக்கிறது. பழைய பாட்டை மறக்காமல் இருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தேர்த் திருவிழா, மழை, ரயில் தவறுவது, எல்லாமே நடப்பவை. அவையெல்லாம் ஒரே நாளில் ஒரே இடத்தில் வந்து கூடுவதுதான் நடக்காதது, அந்தக் கூட்டுதல்தான் கலைஞனின் வேலை. நிகழ்தகவு எவ்வளவு என்று நீங்கள் கணக்குப் போடும்போது, அவன் தெரிந்தே செய்ததைத் தவறு என்று எழுதிவைக்கிறீர்கள். சங்கப் பாடலில் தலைவி வருந்தும்போதெல்லாம் மாலைப் பொழுதும் வந்துவிடுகிறது, கார்மேகமும் வந்துவிடுகிறது. அதற்காக யாரும் வானிலை ஆய்வு மையத்தில் விசாரிப்பதில்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முன் காசுமீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் நாட்டிய சாத்திரத்துக்கு எழுதிய உரையில் சுவையைக் கெடுக்கும் தடைகளை வரிசைப்படுத்துகிறார். முதல் தடை எது தெரியுமா? நடக்கக்கூடியதாகத் தோன்றாமை. உங்கள் குறையேதான். அதற்கு அவர் சொல்லும் மருந்து பார்வையாளருக்கானதன்று, நாடகக்காரருக்கானது: சாதாரண நிகழ்ச்சி என்றால் எல்லாருக்கும் பழகிய வாழ்க்கையிலிருந்து எடு, அசாதாரணச் செயல் என்றால் இராமனைப்போல மக்கள் மனத்தில் ஏற்கெனவே வேரூன்றிய பெயருக்கு அதைக் கொடு. கடலைத் தாண்டுவதை ஊர்பேர் தெரியாத ஒருவன் செய்தால் சிரிப்பு வரும். எம்.ஜி.ஆர். பத்துப் பேரை ஒரே ஆளாக அடித்தபோது கொட்டகை ஏன் சிரிக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த நம்பிக்கை அந்தப் படத்தில் உண்டானதன்று. அதற்கு முந்தைய பல படங்களில் சேமித்துவைத்தது. நீங்கள் பிற்காலத்தில் பிறந்தவர். அந்தச் சேமிப்பில் உங்களுக்குப் பங்கில்லை. அம்மாவுக்கு இருக்கிறது. அவர் பார்க்கும் ஆளும் நீங்கள் பார்க்கும் ஆளும் வேறு.

மிகையுணர்ச்சி நாடகம் என்று நாம் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லும் வகைக்கும் ஒரு வம்சாவளி உண்டு. அதில் பாதி பினாங்கு வழியாகப் போகிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பாரிஸ் மேடைகளில் வளர்ந்தது அது. பீட்டர் புரூக்ஸ் 1976-இல் எழுதிய நூலில் அதன் உள்நோக்கத்தை விளக்குகிறார்: பழைய அரசும் பழைய சமய அதிகாரமும் ஆட்டம் கண்ட உலகத்தில், நன்மை எது தீமை எது என்று கண்ணால் காணும்படி ஆக்குவது. அதனால்தான் அங்கே யாரும் மனத்துக்குள் குமுறுவதில்லை, வாய்விட்டுக் கதறுகிறார்கள். தழும்பும் தாயத்தும் பழைய புகைப்படமும் வந்து உண்மையை நிரூபிக்கின்றன. சொல் நின்ற இடத்தில் இசை தொடர்கிறது. பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் ஐரோப்பிய மேடையின் திரைச்சீலையையும் தந்திரக் காட்சிகளையும் எடுத்துக்கொண்டு, நம் பாட்டையும் சேர்த்து ஊர் ஊராகக் கிளம்பின. அவை தமிழ்நாட்டுக்குப் போனதன் விளைவைச் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளில் பார்க்கலாம்; அங்கே பழகிய நடிகர்கள்தான் பிறகு தமிழ்ப் பேசும் படங்களுக்கு நடிக்கப் போனார்கள். அதே பார்சிக் குழுக்கள் கப்பலேறிப் பினாங்குக்கும் வந்தன. இங்கே அவற்றைப் பார்த்து, 1880களில் மாமாக் புஷி என்பவர் மலாய் மொழியில் குழு தொடங்கினார். பாங்சாவான் நாடகம் அப்படித்தான் பிறந்தது: வரைந்த திரைகள், காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே பாட்டும் வேடிக்கையும், அரபுக் கதையும் ஷேக்ஸ்பியரும் ஒரே வாரத்தில்.

அதற்குப் பிறகு சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்கள் எடுக்கப்பட்டபோது, இயக்குநர் நாற்காலியில் இருந்தவர்கள் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், பி.என். ராவ், பணி மஜும்தார் என்று பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பினாங்கில் பிறந்த பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனானது 1950-இல் கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' என்ற படத்தில். ஆகவே உங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தையான மக்சிக்கும் தனித்தனித் தொலைக்காட்சியில் தனித்தனி மொழியில் அழுதாலும், ஊற்று ஒன்றுதான். இதை நான் சற்று அதிகமாகவே சொல்கிறேன் என்று தெரியும்; பினாங்குக்காரர் ஒருவர் கேட்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, உங்களால் ஏன் முடியவில்லை என்பது. வானொலி நாடகத்தில் குதிரை வேண்டுமென்றால் இரண்டு கொட்டாங்கச்சி போதும். அது கொட்டாங்கச்சி என்று கேட்பவருக்குத் தெரியும்; ஆனால் குதிரை ஓடும். தொலைந்த இரட்டையர், மாறிப்போன குழந்தை, இறந்ததாக நினைத்தவர் திரும்பி வருவது, எதைப் பற்றியும் நேயர்கள் முறையிட்டதில்லை. எதற்கு முறையிட்டார்கள் என்றால், ரப்பர் தோட்டத்துக் கதையில் நண்பகலில் பால்மரம் சீவுவதாகக் காட்சி வந்தால். மரம் சீவுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக இறங்காது என்பது லயத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தோட்ட எழுத்தரான கிராணியைக் கங்காணியான தண்டல் எப்படி அழைப்பார், மாமனார் முன்னால் மருமகள் எப்படி நிற்பாள், பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, எத்தனை மணிக்கு மணியடிக்கும் என்பதில் தவறு நடந்தால் கடிதம் வரும். நடக்க முடியாததை மன்னித்தார்கள். தங்களுக்குத் தெரிந்ததைத் தப்பாகச் சொன்னால் மன்னிக்கவில்லை. நம்பும்படியான அசாத்தியம், நம்ப முடியாத சாத்தியத்தைவிட மேல் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அந்தக் கடிதங்கள் கற்றுக்கொடுத்துவிட்டன.

ஆகையால் உங்களுக்குக் கற்பனை வறட்சி என்று நினைக்காதீர்கள். எல்லாரும் தங்களுக்குத் தெரிந்த துறையில்தான் தடுக்கி விழுகிறார்கள். மருத்துவமனைக் காட்சியை மருத்துவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? திரையில் இதயக் கோடு நேராகிவிடும், உடனே மின்னதிர்ச்சி கொடுப்பார்கள், கதாநாயகன் எழுந்துவிடுவான். அப்படி முற்றாகத் துடிப்பு நின்ற நிலைக்கு மின்னதிர்ச்சி சிகிச்சையே கிடையாது; நெஞ்சை அழுத்துவதும் மருந்தும்தான். மருத்துவர் அங்கே படத்திலிருந்து விழுந்துவிடுவார். ஆனால் அடுத்த காட்சியில் கார் பறப்பதை மகிழ்ச்சியாகப் பார்ப்பார். காரணகாரியம் என்பதே உங்கள் துறையாக இருப்பதால் தடுக்கும் இடங்கள் உங்களுக்கு அதிகம், அவ்வளவுதான்.

செய்து பார்க்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். இவை பழக்கத்திலிருந்து சொல்பவை. ஆய்வில் நிறுவியவை என்று எண்ண வேண்டாம். படத்தின் முதல் கால் மணி நேரத்தில் அது உங்களிடம் எந்த உலகத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது என்று பாருங்கள். இங்கே பாட்டுக்கு நாடறிந்த வலிமை உண்டு, தாயின் சொல் பலிக்கும், கெட்டவன் கெட்டவனாகவே தெரிவான் என்று அது அறிவித்துவிட்டால், அதன்பிறகு உங்கள் கூர்மையை முழுவதும் அந்தச் சட்டத்தின்மேல் வையுங்கள். மூளையை அணைக்க வேண்டாம். அதற்கு வேறு வேலை கொடுங்கள். முதல் பாதியில் நீச்சல் தெரியாதவன் இரண்டாம் பாதியில் ஆற்றைக் கடந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள், அது தன் சட்டத்தையே மீறுகிறது. பாட்டால் சகோதரர்கள் சேர்ந்தால் கோபப்படாதீர்கள், அது சட்டத்தைக் காப்பாற்றுகிறது. ஒரு காட்சியில் "இது நடக்குமா" என்ற கேள்வி எழும்போது, "இந்தக் காட்சி யாருக்காக வருத்தப்படச் சொல்கிறது" என்று மாற்றிக் கேளுங்கள். சுருதி பிசகாதது உண்மைதான். ஆனால் அங்கே பேசப்படுவது, பிரிந்த வீட்டில் எதுவும் மறக்கப்படவில்லை என்பது. மலேசியாவில் எத்தனை குடும்பங்கள் ஒரு கால் நாகப்பட்டினத்திலும் ஒரு கால் இங்கேயுமாக, கடிதமும் நின்றுபோய்ப் பிரிந்தன என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் அம்மாவின் தலைமுறைக்கு அது வெறும் கதைக்கட்டு அன்று.

முடிந்தால் கைப்பேசியில் பார்க்காதீர்கள். கோலாலம்பூர் வரும்போது ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இருக்கும் பழைய கொலிசியம் போன்ற ஒரு கொட்டகையில் கூட்டத்தோடு உட்காருங்கள். 1920களிலிருந்து நிற்கும் கட்டடம் அது; தமிழ்ப் படங்களுக்குப் பழகிய இடம். அறுநூறு மூச்சு ஒரே இடத்தில் நிற்கும்போது உங்கள் இயந்திரத்தின் சத்தம் தானாகத் தணியும். பிழைப் பட்டியலைக் கைவிடவும் வேண்டாம். படம் முடிந்து மாமாக் கடையில் தே தாரிக் வரும்வரை ஒத்திவையுங்கள். அதுவும் ஒரு சுகம்தான், அதற்குரிய நேரத்தில்.

ஒரு விதிவிலக்கு. சில காட்சிகளில் ஒட்ட முடியாமல் இருப்பதே சரி. அடிக்கும் கணவனை மன்னிப்பவளே பத்தினி என்றும், கெடுத்தவனையே கட்டிக்கொள்வதுதான் தீர்வு என்றும் பின்னணி இசை நம்மை அழச் சொல்லும்போது மனம் மறுக்கும். டேவிட் ஹியூம் 1757-இல் இதைக் கவனித்து எழுதினார்: பழைய நூல்களில் வரும் விசித்திரமான உலகக் கருத்துகளை எளிதில் ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் நம் அறத்துக்கு எதிரானதை ஏற்கச் சொன்னால் மனம் நகர மறுக்கிறது. பறக்கும் குதிரையை ஏற்கும் அதே மனம் இங்கே நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் உங்கள் மறுப்பை மிளகாய்க் குறையோடு சேர்த்து எண்ணாதீர்கள். இரண்டும் வேறு.

மிளகாய்க்கு வருகிறேன். நீங்கள் சொன்னது சரி. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்; போர்த்துக்கீசியர் வந்த பிறகே நம் அடுப்படிக்கு வந்தன. சோழர் சமையலில் காரம் என்றால் மிளகு. ஆனால் இந்தப் பிழை யாருடைய மனத்திலும் பெரிய தடம் விடாது. அரசர்கள் பேசும் மேடைச் செந்தமிழும் அப்படியே. பத்தாம் நூற்றாண்டில் அரண்மனையில் இருபதாம் நூற்றாண்டு வசன நடையில் பேசியிருக்க மாட்டார்கள், எனினும் நாம் புரிந்துகொள்ள ஏதோ ஒரு தமிழ் வேண்டும். தடம் விடுவது வேறு வகைப் பிழை: யார் யாரைக் கொன்றார், ஏன் கொன்றார், யார் எந்த நாட்டை ஆண்டார் என்பவை. இங்கே மிகையுணர்ச்சிப் படத்துக்குச் சொன்ன தாராளம் செல்லாது. அண்ணன் தம்பி பாட்டால் சேர்ந்தார்கள் என்பதை அம்மா நாளைக்கு யாருக்கும் செய்தியாகச் சொல்லப்போவதில்லை. நந்தினியைச் சொல்கிறார்.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில் எது கல், எது கற்பனை என்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்த விஷயம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டு, அவனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களும் அவர்களுடைய உறவினர்களும் சொத்தை இழந்ததைப் பதிவுசெய்கிறது. ஏன் கொன்றார்கள் என்று அது சொல்வதில்லை. அங்கேதான் ஐயம் தொடங்குகிறது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார், பிறகு அரசனான உத்தம சோழன் பக்கம் சந்தேகப்பட்டார். பிற்கால ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை; அந்த வெற்றிடத்தை நிரப்பக் கல்கி படைத்தவள். காரணம் சொல்லாத கொலைக்குக் காரணமாக ஒரு பெண்ணின் காயத்தை வைத்தார். 2022-லும் 2023-லும் படமாக வந்தபோது அவளுக்கு ஒரு முகமும் கிடைத்துவிட்டது. கல்வெட்டுப் பெயர்களுக்கு முகம் இல்லை. நினைவில் யார் நிற்பார் என்று சொல்ல வேண்டுமா?

நமக்கு இன்னும் நெருக்கமான கதை கடாரம், இன்றைய கெடா. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்கி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை இராசேந்திரன் பிடித்ததையும், வென்ற துறைகளின் பெயர்களையும் அவனுடைய மெய்க்கீர்த்தி அடுக்குகிறது. ஏறத்தாழ 1025-இல் நடந்த படையெடுப்பு. இது நடந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய தகராறு இல்லை. ஆனால் எத்தனை கலங்கள் என்று அந்த வரி சொல்வதில்லை, பல என்றுதான் சொல்கிறது. மேடைப் பேச்சில் கேட்கும் ஆயிரக்கணக்கான கப்பல்கள் பேச்சாளர்கள் கட்டியவை. சோழர் இங்கே நீண்ட காலம் நேரடியாக ஆட்சி நடத்தினார்கள் என்பதும் அந்த மெய்க்கீர்த்தியிலிருந்து வராது. இன்னொன்றையும் கவனியுங்கள். மெய்க்கீர்த்தி என்பதே அரசனைப் புகழ எழுதிய இலக்கியம். தோற்ற அரசனின் யானைகள், குவிந்த செல்வம், மணி பதித்த வாயில்கள் என்று சுவையானவற்றையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்துச் சொல்கிறது. இளம்பூரணர் சொன்ன நாடக வழக்கு கல்லிலும் இருக்கிறது. ஆகவே "கதை பொய், கல்வெட்டு மெய்" என்று இரண்டாக வெட்டிவிடவும் முடியாது.

இந்த இடத்தில் நம் மக்களிடம் உணர்ச்சி மிகுதி என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வந்த சஞ்சிக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் என்று மட்டுமே பாடப்புத்தகத்தில் இடம்பெற்ற ஒரு கூட்டத்துக்கு, ஆயிரம் ஆண்டுக்கு முன் கப்பலில் வந்தவர்கள் என்ற கதை என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மலாய்க்காரர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2012-இல் பேராசிரியர் கூ கே கிம், மலாய் மரபின் மாவீரன் ஹாங் துவா வாழ்ந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று வாதிட்டபோது கிளம்பிய கொந்தளிப்பு நினைவிருக்கலாம். அந்த வீரனுக்கு 1956-இல் திரையில் முகம் கொடுத்தவர் பி. ரம்லி, இயக்கியவர் பணி மஜும்தார் என்ற வங்காளி.

படம் பார்ப்பதால் வரலாற்று அறிவு கெடுமா என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஆண்ட்ரூ பட்லரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்டது. மாணவர்களுக்குச் சரியான வரலாற்றுப் பாடத்தையும் படிக்கக் கொடுத்து, அதே செய்தியைப் பற்றிய திரைப்படத் துண்டுகளையும் காட்டினார்கள். படம் பாடத்தோடு ஒத்துப்போன இடத்தில் நினைவு கூடியது. முரண்பட்ட இடத்தில் பலர் படத்தின் பிழையையே பாடத்தில் படித்ததாக எழுதினார்கள். "திரைப்படங்களில் தவறுகள் இருக்கும், கவனம்" என்று பொதுவாக எச்சரித்தது பயன்படவில்லை. இன்ன இடத்தில் இன்ன தவறு என்று குறிப்பாகச் சொன்னபோது பயன்பட்டது. அவர்கள் அமெரிக்க மாணவர்கள், பார்த்தவை சிறு துண்டுகள். பட்டர்வொர்த்தில் மூன்று மணி நேரப் படம் பார்க்கும் ஒரு பாட்டிக்கும் பேத்திக்கும் இதே அளவில் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பறையில் நான் கண்டதற்கு இது எதிராக இல்லை.

எனவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: படம் ஓடும்போது வாய் திறக்காதீர்கள். முடிந்த பிறகும் "சினிமா எல்லாம் பொய்" என்று அக்கா மகளிடம் சொல்லாதீர்கள். அது அவளுக்கு ஒன்றையும் கற்றுத்தராது, பாட்டியை மட்டும் சிறுமைப்படுத்தும். குறிப்பாகச் சொல்லுங்கள். கரிகாலன் கொலையுண்டது கல்லில் இருக்கிறது, கொன்றவர்கள் பெயர் இருக்கிறது, காரணம் இல்லை, நந்தினி கல்கி எழுதியவள். நான்கு வாக்கியம்தான். சிறுமிக்கு அதுவே இன்னொரு துப்பறியும் கதையாகிவிடும். என் மாணவர்கள் பலர் அந்த வழியாகத்தான் கல்வெட்டுப் பக்கம் போனார்கள். விருப்பமிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாக மெர்போக் போய்வாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து தொலைவு அதிகமில்லை. குனோங் ஜெராய் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே மீட்டுக் கட்டிய புக்கிட் பத்து பாகாட் சண்டி என்ற பழங்கோயிலின் அடித்தளம். அங்கே கிடைத்தவை பல நூற்றாண்டு வணிகத்தையும் வழிபாட்டையும் காட்டுகின்றன. போர்க்கப்பல் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அம்மாவிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள். நந்தினியைக் கல்கி படைத்தார் என்பது அவருக்குத் தெரியுமா என்று. தொடராக வந்த காலத்து வாசகர்களின் வீட்டில் வளர்ந்தவர் என்றால் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தெரிந்தும் உண்மை என்கிறார் என்றால், எந்த விதத்தில் உண்மை என்கிறார் என்று விசாரித்து எழுதுங்கள். பாடம் நடத்திய காலத்தில் இதற்கு மாணவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்த பதில்கள் எல்லாம் புத்தகத்திலிருந்து வந்தவை.